அக்னிதாசுக்குக் குதிரை, ஸ்டானுக்கு கார்

1659-ல் புணே வட்டாரத்துப் பாட்டு ஒன்று ஹிட் ஆனது. பாடியவருக்கு ஒரு குதிரையும் கைக்கு ஒரு தங்கத் தோடாவும் கிடைத்தன. 2023-ல் புணே பாட்டுக்காரர் ஒருவருக்கு ஹூண்டாய் கிராண்ட் ஐ10 நியோஸ் காரும் 31 லட்சத்து 80 ஆயிரம் ரூபாயும் கிடைத்தன. தங்கத்தை அவரே கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். நடுவில் 364 வருஷம் ஓடியிருக்கிறது. என்ன வித்தியாசம் என்று கேட்டால், குதிரைக்கு ஆர்.சி. புக் கிடையாது.

ராப் எப்போது பிறந்தது என்பதற்கு அமெரிக்கர்கள் தேதியே வைத்திருக்கிறார்கள். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ் பேட்டை, ஒரு அபார்ட்மென்ட் கட்டடத்தில் நடந்த பார்ட்டி. வைத்துக்கொள்ளட்டும். புணேக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தால் ஒரு பார்வை பார்ப்பார்கள். இந்த ஊரில் எதையும் வெளியூர்க்காரன் முதலில் செய்ததாக ஒப்புக்கொள்ளும் பழக்கம் இல்லை. இந்த விஷயத்தில் அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது.

1659 நவம்பர் 10. பீஜாப்பூர் தளபதி அப்சல் கானும் சிவாஜியும் பிரதாப்கட் அடிவாரத்தில் சந்தித்தார்கள், கட்டிக்கொண்டார்கள், ஒருவர் மட்டும் திரும்பிப் போனார். புலிநகம், உடுப்புக்குள் கவசம் எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். சம்பவம் என்னவோ சில நிமிஷம். அதை ஊர் ஊராகக் கொண்டு சேர்க்க அன்றைக்குத் தொலைக்காட்சி இல்லை. சிவாஜியின் தாய் ஜீஜாபாய் அக்னிதாஸ் என்ற பாட்டுக்காரரை அழைத்துப் பாட்டுக் கட்டச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. இன்றைய பாஷையில் ஜீஜாபாய்தான் புரொட்யூசர். சில ஏடுகளில் அந்த ஆளின் பெயர் அஞ்ஞானதாஸ் என்று இருக்கிறது. எழுத்துப்பிழையா, மேடைப்பெயரா என்று தெரியவில்லை. இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கிறது. 'அறியாமைக்கு அடிமை' என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருவன் மேடையேறினால் இன்றைக்கும் கூட்டம் கூடும்.

இந்த வகைப் பாட்டுக்குப் பெயர் போவாடா. கட்டிப் பாடுகிறவர் ஷாஹிர். சிவ ஜெயந்தி சமயத்தில் புணேயில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் காதில் விழும். தலைப்பாகையில் குஞ்சம் ஆட, ஷாஹிர் முன்னால் வந்து நிற்பார். கையில் டஃப், நம் பறைக்கு ஒன்றுவிட்ட தம்பி. பக்கத்தில் துண்துணே, ஒற்றைத் தந்தி வாத்தியம். அதன் பெயரே அது போடும் சத்தம்தான். ஒரே சுருதியில் கொசு மாதிரி விடாமல் காதோரம் இருக்கும். ஷாஹிர் மூச்சுவிடாமல் ஏழெட்டு அடி கொட்டுவார். பாதிப் பாட்டு, பாதிப் பேச்சு. மூச்சு முட்டும் இடத்தில் பின்னால் நிற்கும் இரண்டு மூன்று பேர் 'ஜீ ஜீ ஜீ' என்று இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குள் அவர் மூச்சு வாங்கிவிடுவார். ஜில்கரி என்று இவர்களுக்குப் பெயர். நியூயார்க் மேடையில் ராப்பருக்குப் பின்னால் கடைசி வார்த்தையை மட்டும் கூடவே கத்துகிற ஆளுக்கு ஹைப் மேன் என்று பெயர். வேலை ஒன்றுதான். ஜில்கரி தலைப்பாகை கட்டியிருப்பார், அவன் தொப்பியைத் திருப்பிப் போட்டிருப்பான்.

கடைசி அடிகளில் ஷாஹிர் தன் பெயரைப் போட்டுவிடுவார். நம் தியாகராஜர் செய்தது போன்ற முத்திரை. அக்னிதாஸ் அதோடு நிற்கவில்லை. தனக்குக் குதிரை கிடைத்ததையும் சேர் கணக்கில் தங்கத் தோடா கிடைத்ததையும் பாட்டுக்குள்ளேயே ஏற்றிவிட்டார். அப்சல் கான் விழுந்த கதையைக் கேட்க வந்த ஜனம், பாடினவருக்கு என்ன சம்பளம் என்பதையும் தெரிந்துகொண்டு போனது. சங்கிலி, கைக்கடிகாரம், கார் சாவி என்று இன்றைய ராப்பர்கள் பாட்டில் அடுக்குகிறார்களே, அவர்களுக்கெல்லாம் இவர் பெரியப்பா.

தோடா என்றதும் நமக்கு அன்னியமாகத் தோன்ற வேண்டாம். நாகஸ்வர வித்வான்களுக்கு ஜமீன்களிலும் சமஸ்தானங்களிலும் போட்ட தங்கத் தோடா இதேதான்.

அடுத்த ஹிட் பதினோரு வருஷம் கழித்து. 1670 பிப்ரவரியில் புணேக்குத் தென்மேற்கே இருக்கும் கோட்டையைத் தானாஜி மாலுசரே இரவோடு இரவாக ஏறிப் பிடித்து, சண்டையில் உயிரையும் விட்டார். துளசிதாஸ் என்ற ஷாஹிர் அதைப் பாட்டாக்கினார். (ராமாயணம் பாடிய துளசிதாசர் வேறு, அவர் இதற்கு வெகுகாலம் முன்பே காசியில் காலமாகிவிட்டார்.) துளசிதாசின் பாட்டில் செங்குத்துப் பாறையில் ஏறுவது ஓர் உடும்பு. அதற்கு யஷ்வந்தி என்று பெயர். இடுப்பில் கயிறு கட்டி விடுகிறார்கள். பாதியில் இறங்கி வந்துவிடுகிறது. 'ஏறுகிறாயா, வெட்டிச் சமைத்துவிடட்டுமா' என்று தானாஜி மிரட்டுகிறார். ஏறிவிடுகிறது. மேலே காவல் காக்கும் உதய்பான், பாட்டுக்காரர் புண்ணியத்தில் ஒரு மாமிச மலை. அவன் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் படையே தேவைப்படும். போதாக்குறைக்கு சந்திராவளி என்று ஒரு போர் யானை வேறு.

சரித்திர ஆசிரியர்கள் உடும்பை நம்புவதில்லை. கோட்டையைப் பிடித்த பிறகுதான் சிங்கம் போன்ற தானாஜியின் நினைவாக சிங்ககட் என்று பெயர் வந்தது என்பதையும் அவர்கள் ஏற்பதில்லை. தானாஜி சாவதற்கு முன்பே அந்தப் பெயர் கடிதங்களில் இருக்கிறது. அதனால் என்ன? இன்றைக்கு சிங்ககட் ஏறும் கூட்டத்தில் பத்துப் பேரை நிறுத்திக் கேளுங்கள். சரித்திர ஆசிரியர் பெயர் ஒருவருக்கும் தெரியாது. உடும்பின் பெயர் பத்துப் பேருக்கும் தெரியும்.

மராத்திய ராஜ்யத்தின் மந்திரிகளான பேஷ்வாக்களின் காலம் வந்ததும் ஷாஹிர்களுக்கு யோகம் அடித்தது. போர் குறைந்து பொழுது கூடினால் வீரப்பாட்டு இளைத்து லாவணி என்ற சிருங்காரப் பாட்டு கொழுக்கும். கடைசி பேஷ்வா இரண்டாம் பாஜிராவுக்கு ஆங்கிலேயரைச் சமாளிக்கத் தெரியவில்லை, 1818-ல் ராஜ்யத்தை விட்டார். பாட்டுக்காரர்களைச் சமாளிக்கத் தெரிந்திருந்தது. அவர் காலத்தில் கொடிகட்டிப் பறந்த பெயர் ஹோனாஜி பாளா. இது ஒரு ஆள் அல்ல, இரண்டு. ஹோனாஜி பால் வியாபாரக் குடும்பம், பாட்டு எழுதுவார், பாளா பாடுவார். அடுத்தவர் எழுதியதைப் பாடுகிறான் என்பது ராப் உலகத்தில் பெரிய அவமானம், அதை வைத்தே சண்டைப் பாட்டு போடுவார்கள். இவர்கள் இரண்டு பெயரையும் ஒட்டவைத்து ஒரே பெயராக்கிப் பிரச்சினையை முடித்துவிட்டார்கள்.

ஒழுக்கக் காவலர்களும் அன்றைக்கே உண்டு. அனந்த் ஃபந்தி என்ற சங்கம்னேர் பிராமணர் டஃபைத் தூக்கிக்கொண்டு தமாஷா மேடையில் சிருங்காரப் பாட்டு பாடிக்கொண்டிருந்தார். நல்ல கிராக்கி. இந்தூர் ராஜ்யத்தை ஆண்ட அகல்யாபாய் ஹோல்கர், இந்தக் குலத்தில் பிறந்து இது என்ன வேலை என்று கேட்டாராம். மனிதர் அன்றோடு டஃபைக் கைவிட்டு கீர்த்தனத்துக்கு மாறினார் என்று கதை. இந்தூர் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

பேஷ்வாக்கள் போன பிறகு 1869-ல் புணே கஞ்ச் பேட்டைக்காரர் ஒருவர் போவாடா எழுதினார். ஜோதிராவ் ஃபுலே. சிவாஜியின் பெருமையெல்லாம் பிராமண குருமார்களும் மந்திரிகளும் போட்ட பிச்சை என்கிற மாதிரி எழுதிக்கொண்டிருந்தவர்களுக்குப் பதில் அது. சிவாஜி குடியானவர்களின் ராஜா என்றார். ராப்பில் இதற்கு 'டிஸ்' என்று பெயர்: எதிராளி உட்கார்ந்திருக்கும் ஊரிலேயே, அவன் தன்னுடையது என்று நினைக்கும் கதையை எடுத்து, அவனுக்கு எதிராகவே பாடுவது. புணேயில் வெளியான டிஸ் பாட்டுகளில் இதற்கு ஈடு இன்னும் வரவில்லை என்பது என் கட்சி. ஃபுலேயிடம் துப்பாக்கியோ ஷூவோ இல்லை, பெண் குழந்தைகளுக்கான பள்ளிக்கூடம் இருந்தது.

இதையெல்லாம் திரட்டி அச்சில் ஏற்ற ஒரு வெள்ளைக்காரர் வந்தார். ஆக்வொர்த் என்று ஐ.சி.எஸ். அதிகாரி, பம்பாய் முனிசிபல் கமிஷனர். சாக்கடை, குடிநீர், தொழுநோயாளிகளுக்கு மருத்துவமனை என்று வேலை தலைக்கு மேல் இருந்த மனிதர், நேரம் ஒதுக்கி போவாடாக்களைத் தேடிச் சேர்த்தார். 1894-ல் ஆங்கிலச் செய்யுளாகவும் போட்டார். உங்கள் ஊர் முனிசிபல் கமிஷனர் கானா பாடல்களைத் தொகுக்கிறார் என்று கற்பனை செய்து பாருங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அதே 1890-களில் திலகர் கணபதியைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். கணபதிக்குப் பின்னால் 'மேளா' என்று பையன்களின் பாட்டுக் கோஷ்டிகள் வந்தன. சாமி பாட்டு என்று தொடங்கி சர்க்காரைத் திட்டுவதில் முடியும். சர்க்கார் கொஞ்ச காலம் பொறுத்தது. பிறகு கட்டுப்பாடு போட்டது.

இனி நம் கதாநாயகர். 1999 ஆகஸ்ட் 30-ல் புணேயில் பிறந்த அல்தாஃப் ஷேக். ரயில் நிலையத்தை ஒட்டிய தாடிவாலா ரோடு, குடிசைகளும் சந்துகளும் நெருக்கியடிக்கும் இடம். பன்னிரண்டு வயதில் கவ்வாலி பாடிக்கொண்டிருந்த பையன் ராப் பக்கம் வந்து வைத்துக்கொண்ட பெயர் எம்.சி. ஸ்டான். எமினெம் 2000-ல் பாடிய 'ஸ்டான்' என்ற பாட்டிலிருந்து எடுத்தது. அந்தப் பாட்டில் ஸ்டான் என்பவன் பாடகன் இல்லை, ரசிகன். பதில் வராத கடிதமாக எழுதி எழுதி மூளை குழம்பி, காரோடு பாலத்திலிருந்து விழுந்துவிடும் ரசிகன். தலைவன் பெயரை விட்டுவிட்டு ரசிகன் பெயரை வைத்துக்கொண்ட பாடகர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். அஞ்ஞானதாஸ் இருந்திருந்தால் முதுகில் தட்டியிருப்பார்.

பாட்டு தயாராகும் விதம் மாறியிருக்கிறது. டஃபில் ஈரம் ஏறினால் ஷாஹிர் நெருப்பில் காட்டி விறைப்பாக்குவார். இப்போது அந்த இடத்தில் 808. 1980-ல் ரோலண்ட் என்ற ஜப்பான் கம்பெனி விட்ட மின்தாளப் பெட்டி. நிஜ டிரம் மாதிரியே இல்லை என்று வித்வான்கள் ஒதுக்கினார்கள். செகண்ட் ஹாண்டில் சல்லிசாகக் கிடைத்தது. கையில் காசில்லாத பிராங்ஸ் பையன்கள் வாங்கினார்கள். அந்த 'தும்' இன்றைக்கு உலகத்தின் எல்லா ஷேர் ஆட்டோவுக்கும் நெஞ்சுத்துடிப்பு. துண்துணேக்குப் பதில் ஆட்டோ-டியூன். இதைக் கண்டுபிடித்த ஆண்டி ஹில்டெபிராண்ட் அதற்கு முன் பூமிக்குள் அதிர்வு அனுப்பி எண்ணெய் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் கணக்கில் இருந்தவர். அந்தக் கணக்கையே குரலுக்குப் போட்டு, விலகும் சுருதியைக் கண்டுபிடித்து இழுத்து உட்காரவைத்தார். சுருதிப்பிழையை மறைக்க வந்த சாதனத்தை ஸ்டான் தலைமுறை வேண்டுமென்றே அளவுக்கு மேல் திருகியது. ஜலதோஷம் பிடித்த ரோபோ அழுகிற மாதிரி ஒரு குரல் வந்தது. கேட்டுக் கேட்டு எனக்கே பிடித்துவிட்டது.

பாஷைதான் விசேஷம். சதாசிவ் பேட்டையில் பேசப்படுவதே சுத்த மராத்தி என்று நம்புகிற நகரம் இது. ஸ்டான் பேசுவது இந்தி, தக்கணி உருது, மராத்தி மூன்றையும் மிக்ஸியில் போட்ட தெருப்பேச்சு. 'ஷெம்டி' என்பது அவர் எல்லோரையும் விளிக்கும் சொல். மராத்தியில் அதன் பூர்வீக அர்த்தம் மூக்கொழுகி. 2018-ல் 'வாட்டா' பேசப்பட்டது. 2019-ல் மும்பை ராப்பர் எமிவே பண்டாயைச் சீண்டி 'குஜா மத்'. 'சொறியாதே' என்று பொருள், நம்மூர் கூஜாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மும்பைக்காரனைப் புணேக்காரன் திட்டினால் அது பாட்டாக இல்லாவிட்டாலும் இங்கே ஹிட்தான். 2020-ல் வந்த ஆல்பத்தின் பெயர் 'தடிபார்'. ஊருக்குள் வரக்கூடாது என்று போலீஸ் ஒருவரை மாவட்டத்துக்கு வெளியே அனுப்பும் உத்தரவுக்கு மராட்டியத்தில் வழங்கும் சொல் அது. கடுதாசியில் வந்தால் குடும்பமே அழும். ஆல்பமாக வந்ததால் கை தட்டினார்கள். பிறகு 'பஸ்தி கா ஹஸ்தி'. குப்பத்துப் பெரும்புள்ளி என்று சொல்லலாம்.

2022 அக்டோபரில் இந்தி பிக் பாஸ் 16-ல் போய் உட்கார்ந்தார். பாதி நாள் ஒன்றும் செய்யவில்லை; வீட்டுக்குப் போகிறேன் என்று அவ்வப்போது கிளம்பினார். காலில் 80,000 ரூபாய் ஷூ என்று சொன்னார், நாடு முழுக்க மீம் ஓடியது. 2023 பிப்ரவரி 12 அன்று சல்மான் கான் அவர் கையைத் தூக்கிப் பிடித்தார். கார் வந்த கதை இதுதான்.

அந்த வாரம் புணே ஸ்டேஷனில் நான் ஏறிய ஆட்டோவில் பின்சீட்டுக்குப் பின்னால் ஸ்பீக்கர், அதில் ஸ்டான். ஓட்டின பையனுக்கு இருபது இருக்கும். என் இந்தியைக் கேட்டதும் "அண்ணா" என்றான். அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுவாக இருக்க வேண்டும். நான் சும்மா இருக்காமல், "தம்பி, முன்னூற்று அறுபது வருஷத்துக்கு முன்னாலேயே உங்க ஊர்ல ஒருத்தர் இப்படிப் பாடிக் குதிரை வாங்கியிருக்கார் தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். சிக்னலில் வண்டியை நிறுத்தி, திரும்பிப் பார்த்து, நிஜமான அக்கறையோடு கேட்டான்: "வித்துட்டாரா அண்ணா, வெச்சிக்கிட்டாரா?"

சரித்திர ஆசிரியர் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

மார்ச் மாதம் ஸ்டான் 'பஸ்தி கா ஹஸ்தி' சுற்றுப்பயணம் கிளம்பினார். முதல் மேடை புணே. சொந்த ஊர், சொன்ன அடியைக் கூட்டமே பாடியது. ஜில்கரிக்கு இனி சம்பளம் தரவேண்டியதில்லை, டிக்கெட் வாங்கி வந்தவர்களே 'ஜீ ஜீ' போடுகிறார்கள். மார்ச் 17 அன்று இந்தூர். ஆமாம், அகல்யாபாயின் இந்தூர். பாட்டில் ஆபாசம், பெண்களை இழிவுபடுத்துகிறார் என்று சொல்லி கர்ணி சேனா அமைப்பினர் மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தார்கள். ஸ்டான் கிளம்பிவிட்டார், நிகழ்ச்சி பாதியில் நின்றது. அனந்த் ஃபந்தியிடம் ஒரு ராணி கேள்வி கேட்டார், அவர் யோசித்தார் என்கிறது கதை. இங்கே கேள்விக்கே இடமில்லாமல் போனது. ஸ்டான் பாட்டில் கெட்ட வார்த்தை இல்லையா? இருக்கிறது, தாராளமாக. என் மாமியார் வந்திருக்கும்போது நானே சத்தத்தைக் குறைத்துவிடுவேன். ஆனால் மைக்கைப் பிடுங்கினவர்கள் பதிலுக்கு ஓர் அடி பாடியிருந்தால் அதையும் கேட்டிருப்பேன்.

பதிலுக்குப் பாடுவதுதான் மராத்திய மரபு. கல்கி, துரா என்று ஷாஹிர்களில் இரண்டு கட்சி உண்டு. சக்திதான் பெரிது என்பது கல்கி, சிவன்தான் பெரிது என்பது துரா. ராத்திரி முழுக்க டஃபை அடித்துக்கொண்டு மாற்றி மாற்றி மடக்குவார்கள். 1670-களில் சிவாஜியின் மாற்றாந்தாய் வழித் தம்பி ஏகோஜி தஞ்சாவூரைப் பிடித்து உட்கார்ந்தாரே, அந்த மராத்திய வம்சம் நமக்குக் கொடுத்தவற்றில் சரசுவதி மகாலை எல்லோரும் சொல்வார்கள். லாவணியைச் சொல்ல மறந்துவிடுவார்கள். தஞ்சை வட்டாரத்தில் மாசி மாதக் காமன் பண்டிகையில், சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்று டேப்பும் துந்தினாவும் வைத்துக்கொண்டு இரண்டு கட்சியாகப் பாடுவார்கள். எரிந்த கட்சி, எரியாத கட்சி. எதிர்க்கட்சிக்காரரின் வித்தை, ஞாபகம், பரம்பரை எல்லாம் சந்திக்கு வரும். அரசியல்வாதிகள் மாறி மாறித் திட்டிக்கொள்வதை 'லாவணி' என்று நம் பத்திரிகைகள் எழுதுவது இதனால்தான்.

சன்மான விஷயத்துக்கு வருகிறேன். குதிரையும் தோடாவும் பெரிதா, காரும் 31.8 லட்சமும் பெரிதா என்று புணேக்காரர்கள் அடித்துக்கொள்ளட்டும். பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் கொடுத்தது பதினாறு லட்சம் பொன் என்கிறது கலிங்கத்துப்பரணி. பாட்டு 301 அடி. அடிக்கு 5,315 பொன். பின்னால் 'ஜீ ஜீ' போட ஆள்கூட இல்லாமல். பரிசு தராமல் இழுத்தடிக்கும் மன்னனை நச்சரிப்பதற்கென்றே பரிசில் கடாநிலை என்று ஒரு துறை வைத்திருந்தவர்கள் நாம். இந்தப் போட்டியில் என் தீர்ப்பு தமிழருக்கே. வேறு எதிலும் அல்ல, வசூலில்.

அடுத்த மாசியில் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் போனால் காமன் கொட்டகை எங்கே என்று விசாரித்துப் பாருங்கள். பாடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், கூட்டமும் அதிகம் இருக்காது. டிக்கெட் இல்லை. முன்வரிசையிலேயே இடம் கிடைக்கும்.